நாட்டிங்ஹாம் ராலேயா, அம்பத்தூர் ஹெர்குலிஸா?

தமிழ்நாட்டில் பழைய சைக்கிளைத் தேடிப் போகிறவரின் மனத்தை இரு பக்கமும் இழுப்பவை இரண்டு வண்டிகள். ஒன்று, ஒரு காலத்தில் மருத்துவரோ மிராசுதாரரோ தலைமையாசிரியரோ துடைத்துத் துடைத்து வைத்திருந்து, இன்று அவருடைய பேரன் வீட்டுத் திண்ணையோரம் சாத்தியிருக்கும் இங்கிலாந்து ராலே. மற்றது, பால் கேனையும் தண்ணீர்க் குடத்தையும் நெல் மூட்டையையும் மாறி மாறிச் சுமந்துவிட்டு, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகக் காத்திருக்கும் அம்பத்தூர் ஹெர்குலிஸ். இரண்டும் கறுப்பு, இரண்டிலும் கம்பி பிரேக், பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். கையில் ஸ்பானரை எடுத்தபிறகுதான் வேறுபாடு தெரியத் தொடங்கும். முதன்முதலாக ஒரு வண்டியை மீட்டெடுக்க விரும்புகிறவர் எதை வாங்கலாம் என்று கேட்டால், ஹெர்குலிஸை வாங்குங்கள் என்றே சொல்வேன். அதற்கான காரணங்களில் விலை கடைசியில்தான் வரும்.

முதலில் வம்சாவளியைப் பார்த்துவிடலாம். நாட்டிங்ஹாம் நகரின் ராலே தெருவில் இருந்த ஒரு சிறு பட்டறையில் ஃபிராங்க் பவுடன் பணம் போட்டு, 1888 டிசம்பரில் அதைக் கம்பெனியாகப் பதிவு செய்தார். ஹெர்குலிஸ் 1910-இல் பர்மிங்ஹாமில் கிரேன் சகோதரர்கள் தொடங்கியது. ராலே தரத்தைச் சொல்லி விற்றது என்றால், ஹெர்குலிஸ் குறைந்த விலைக்கு ஏராளமாகச் செய்து விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹெர்குலிஸை வாங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனிதான், 1949-இல் முருகப்பா குடும்பத்தாருடன் சேர்ந்து சென்னையில், அம்பத்தூர் ஹெர்குலிஸைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரில் உள்ள சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை, அந்த ஆங்கிலக் கம்பெனியின் தலைவராக இருந்தவரின் பெயரைத் தாங்கியது. 1960-இல் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ராலேயையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஆக, நம் ஊர்க்காரர்கள் உசத்தி என்றும் சாதாரணம் என்றும் பிரித்துப் பேசிய இரண்டு பெயர்களும், அப்போதே ஒரே முதலாளியின் கணக்கில் ஏறிவிட்டன.

இடையில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வங்காளத்தின் அசன்சோலில் ராலேயின் கூட்டுறவுடன் சென்-ராலே கம்பெனி செய்த வண்டி அது. பின்னாளில் அரசு அந்த ஆலையை எடுத்துக்கொண்டு, சைக்கிள் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்று பெயர் மாற்றியது. சேகரிப்பாளர் சிலர் இதைப் போலி ராலே என்று ஒதுக்குவது அறியாமை. ஆனால் விற்பவர் அசன்சோல் பெயரைச் சுரண்டிவிட்டு இங்கிலாந்து விலை கேட்பதும் நடப்பதால், ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள தலைக்குழாயில் பதித்த வில்லையிலும் ஃபிரேமில் ஒட்டிய எழுத்திலும் எந்த ஊர் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

வில்லையை மட்டும் நம்பவும் முடியாது, ஏனெனில் அது இரண்டே ஆணிகளில் நிற்கும் தகடு. ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் அறைந்துவிடலாம். ராலேயின் சின்னமான நாரைத் தலைகள் கொண்ட பல்சக்கரத்தையும் அப்படியே மாற்றிவிடலாம். மாற்ற முடியாத சாட்சி திருகு மரையில் இருக்கிறது. பெடல் அச்சைத் தாங்கி ஃபிரேமில் திருகப்படும் கிண்ணமான பி.பி. கப்பிலும் ஃபோர்க்கின் கழுத்திலும் பிற ஆங்கிலக் கம்பெனிகள் அங்குலத்துக்கு 24 மரை வெட்டியபோது, நாட்டிங்ஹாம் ராலே மட்டும் தனக்கென்று 26 மரை வைத்துக்கொண்டது. கப்பைக் கழற்றி, அதன் மேல் ஓர் அளவுகோலை வைத்து எண்ணினால் விடை கிடைத்துவிடும். சைக்கிளின் வயதை அறிய, பின் சக்கரத்தின் நடுவில், உள்ளேயே கியர் கொண்ட உருளையான ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப் இருந்தால் அதன் மேல் பொறித்த ஆண்டு, மாத எண்களைப் பார்க்கலாம். 54 என்றும் 11 என்றும் இருந்தால் ஹப் 1954 நவம்பரில் செய்யப்பட்டது. சக்கரம் பின்னர் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு இருப்பதால், அது ஹப்பின் பிறந்த தேதியே தவிர வண்டியின் பிறந்த தேதி ஆகிவிடாது.

அடையாளம் காட்டும் இதே 26 மரைதான் ராலே வைத்திருப்பவரின் தலைவலியும். தேய்ந்துபோன கப்புக்கு மாற்றுக் கப் கேட்டு எந்தக் கடைக்குப் போனாலும், கடைக்காரர் எடுத்துத் தருவது பொருந்தும் என்று சொல்ல முடியாது. என் முதல் ராலேயில் கப் இரண்டு சுற்று ஏறிவிட்டதே என்று மகிழ்ந்து, நீளமான ஸ்பானரைப் போட்டு மூன்றாவது சுற்றையும் நானே திருகினேன். அது 24 மரைக் கப் என்பது, ஃபிரேமின் மரை சிலும்பாக உதிர்ந்து கீழே விழுந்தபோதுதான் விளங்கியது. அந்தச் சேதத்தைச் சரிசெய்ய ஆன நாட்களில் இரண்டு ஹெர்குலிஸ்களை முழுமையாக ஓவராயில் செய்திருக்கலாம். நாட்டிங்ஹாம் ஆலை 2002-இல் மூடப்பட்டுவிட்டது. இனி ராலேயின் உறுப்புக்கு இன்னொரு ராலேதான் கடை. யாழ்ப்பாணத்தில் 'றலி' என்று வழங்கும் இந்த வண்டிகள், எரிபொருள் தடை நிலவிய போர்க்காலத்தில் ஊரையே சுமந்தவை என்பதால், ஒன்றைக் கழித்து மற்றொன்றைக் காக்கும் அந்த வித்தையில் அங்குள்ளவர்கள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள்.

ஹெர்குலிஸுக்கு இந்தத் தவிப்பு இல்லை. அச்சில் ஏறும் கோன், குண்டுகள் உருளும் பால்ரஸ், காட்டர் பின், பிரேக் கட்டை, 28 அங்குல டயர், டியூப் எல்லாம் சிற்றூர்க் கடையிலும் இன்னும் தொங்குகின்றன. அதைவிட முக்கியமானது, அவற்றைப் பொருத்தத் தெரிந்த கை இன்னும் இருக்கிறது என்பது. அறுபது வயதைத் தாண்டிய எந்தச் சைக்கிள் கடைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பிரித்துச் சேர்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிற்பகல் கவனித்தால், ரிம் கோட்டம் எடுப்பது முதல் பால்ரஸுக்கு எவ்வளவு கிரீஸ் வைப்பது என்பது வரை கற்றுக்கொள்ளலாம். பொழுதுபோக்கின் தொடக்கத்தில் ஒருவருக்கு வேண்டியது அரிய பொருள் அல்ல, தவறு செய்தால் தாங்கும் பொருள். என் தேர்வுக்கு முதற்காரணம் இதுதான்.

ஓட்டும் சுகத்தில் ராலே முந்திவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1930களின் பிற்பகுதியில் வந்த ஸ்டர்மி-ஆர்ச்சரின் ஏ.டபிள்யூ. என்னும் மூன்று கியர் ஹப், நடுக் கியரில் பின் பல்சக்கரத்தின் வேகத்திலேயே நேராகவும், கீழ்க் கியரில் அதில் நான்கில் மூன்று பங்காகவும், மேல் கியரில் நடுக் கியரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவ்வளவும் ஒரு மூடிய உருளைக்குள் நடப்பதால் மழையும் புழுதியும் அதை அணுகுவதில்லை. அரை நூற்றாண்டு சும்மா கிடந்த ஹப்பும், உருளையில் உள்ள சிறு மூடியைத் திறந்து மெல்லிய மெஷின் எண்ணெயைச் சில நாள் விட்டு ஊறவைத்தால், பெரும்பாலும் பிரிக்காமலே உயிர்பெறும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் விட்டவர்களின் ஹப்பைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே பிசின் காய்ச்சி ஊற்றியதுபோல் இருக்கும். கேபிளைச் சரியாக முடுக்காவிட்டால் நடுக் கியருக்கும் மேல் கியருக்கும் இடையே பெடல் பிடிப்பில்லாமல் நழுவும் என்பதால், எழுந்து நின்று மிதிப்பதற்கு முன் அதைச் சோதித்துவிட வேண்டும். முன் சக்கரத்தில் டைனோஹப் என்னும் விளக்கு மின்னாக்கி இருந்தால், ஆர்வக் கோளாறில் அதன் காந்த வளையத்தை வெளியே இழுக்கக் கூடாது. துணை இரும்பு இல்லாமல் பிரிந்த காந்தம் வலுவிழந்துவிடும், விளக்கும் மின்மினியாகிவிடும். நம் ஊரில் ஓடிய ஹெர்குலிஸில் பொதுவாகக் கியரும் இல்லை, இந்தக் கவலைகளும் இல்லை: பின்னால் ஒரு ஃபிரீவீல், அவ்வளவுதான்.

ஃபிரேமின் நலத்தைப் பொறுத்தவரை முடிவு தலைகீழாக வரக்கூடும், ஏனெனில் இங்கே செய்தவரின் தரத்தைவிட ஓட்டியவரின் வாழ்க்கைதான் பேசும். ராலே பெரும்பாலும் ஒருவரை மட்டுமே சுமந்தது. ஹெர்குலிஸோ கேரியரில் ஒரு குடும்பத்தின் பிழைப்பைச் சுமந்தது. ஆகவே ஹெர்குலிஸ் வாங்குகிறவர் கண்டிப்பாக ஒரு நூல் எடுத்துச் செல்ல வேண்டும். பின் சக்கரம் நிற்கும் ஒரு பக்கக் காதில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு பக்கக் காதில் இழுத்துக் கட்டிய பிறகு, சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு புறமும் அளந்தால், ஃபிரேம் கோணியிருப்பது தெரிந்துவிடும். தலைக்குழாய்க்குக் கீழே சரிந்து இறங்கும் குழாயின் பெயிண்டில் சுருக்கம் இருந்தால், வண்டி எதன் மீதோ நேராக மோதியது என்று பொருள். மூட்டில் விரிசல் கண்டால், பித்தளை வைத்துக் கேஸில் பற்றவைக்கும் பழைய முறைதான் ஏற்றது. கரண்டு வெல்டிங்கில் மெல்லிய குழாய் எளிதில் ஓட்டையாகிவிடும்.

பெயிண்டில்தான் சேகரிப்பாளர்கள் கட்சி பிரிந்து சண்டையிடுகிறார்கள், இந்தக் கேள்விக்கு இரண்டு வண்டிகளுக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. ராலேயின் சூளையில் சுட்ட கறுப்பு எனாமலையும், கையால் இழுத்த கோல்டு லைனிங்கையும், ஒட்டிய எழுத்துகளையும் ஒரு முறை சுரண்டிவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது. பாதி மங்கியிருந்தாலும் அவற்றை அப்படியே விட்டுவிட்டு, துருவை மட்டும் எடுப்பதே முறை. நீர்த்த ஆக்சாலிக் அமிலக் கரைசலில் சிறு உறுப்புகளை ஊறவைத்தால் துரு கரையும், நல்ல பெயிண்டும் குரோமியமும் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் அது நச்சு என்பதால் கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். துத்தநாகம் பூசிய ஸ்போக்ஸ் கம்பியை அதில் போட்டால் பூச்சே போய்விடும். எடுத்ததும் நன்றாக அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவாவிட்டால் மறுநாளே மஞ்சள் துரு படியும். குரோமியம் பூசக் கொடுப்பதிலும் எச்சரிக்கை தேவை, ஏனெனில் பூசுவதற்கு முன் பட்டறையில் பஃப்பிங் சக்கரத்தில் கொடுத்து அழுத்தித் தேய்ப்பார்கள், பொறித்த பெயரும் எண்ணும் அதோடு தேய்ந்துவிடும்.

ஹெர்குலிஸ் நம் கைக்கு வரும்போது, அதன் மேல் மூன்று முறை வீட்டுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், அதில் ஒன்று ஜன்னல் கம்பிக்கு வாங்கி மிஞ்சிய பச்சையாக இருக்கும். அங்கே காப்பதற்கு மூலப் பூச்சு எஞ்சியிருப்பது அரிது. கீழே ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று ஓரிடத்தில் மெதுவாகத் தேய்த்துப் பார்த்து, இல்லையென்றால் தயங்காமல் உரித்துப் புதிதாக அடிக்கலாம். கார் பெயிண்ட் அடிப்பவரிடம் கொடுத்து, டியூக்கோ என்னும் கார் பெயிண்டைத் தெளித்து அடிப்பதே மேல். பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங் உறுதியானதுதான், ஆனால் அது தடித்த போர்வைபோல் மூட்டுகளின் விளிம்பை மொழுக்கி, மரைக்குள்ளும் புகுந்துவிடும். பழைய வண்டியின் அழகு அந்த விளிம்புகளில்தான் இருக்கிறது.

சீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ராலேயில் புரூக்ஸ் தோல் சீட்டு தப்பியிருந்தால் அதுவே ஒரு புதையல். அதில் எண்ணெயைக் கொட்டி ஊறவைத்தால் தோல் தொய்ந்து தொட்டிலாகிவிடும். தோலுக்கான மெழுகை மெல்லத் தடவினால் போதும். ஹெர்குலிஸின் சீட்டு கிழிந்திருந்தால் புதிது வாங்கிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

விலை விஷயத்தில் ராலே பல மடங்கு கேட்கும். ஹெர்குலிஸைப் பழைய இரும்பின் எடை விலைக்கே இன்னும் வாங்க முடிகிறது. ஆனால் மேலே சொன்ன அத்தனையும் கடையில் தேடி வாங்குகிறவருக்கு மட்டும்தான். தாத்தாவின் ராலே வீட்டிலேயே நிற்கிறது என்றால் அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை. அதை இப்போது தொடாமல், காற்றுப் புகும் உலர்ந்த இடத்தில் எண்ணெய் தடவி வைத்துவிட்டு, ஒரு ஹெர்குலிஸில் கை பழகிய பிறகு அதனிடம் போகலாம்.

இரண்டிலும் ஒன்றுபோல் செய்ய வேண்டிய வேலை, பெடல் கிராங்கைப் பிடிக்கும் காட்டர் பின்னைக் கழற்றிப் பூட்டுவது. கிராங்குக்கு அடியில் குழாய்த்துண்டு ஒன்றை முட்டுக்கொடுக்காமல் சுத்தியால் அடித்தால், அடி முழுவதும் உள்ளே பால்ரஸில் இறங்கி கப்பில் குழி விழும். புதுப் பின்னின் சாய்வை அரத்தால் ராவிப் பொருத்தி, ஒரு பக்கம் மேலிருந்தும் மறு பக்கம் கீழிருந்தும் செருக வேண்டும். தவறினால் இரு பெடல்களும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. முதல் சவாரி முடிந்து இறங்கியதும் அந்த நட்டுகளை இன்னொரு முறை முடுக்கிவிட வேண்டும், ஏனெனில் ஓட்டத்தில் பின் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கும்.