நிறம் மாற்றும் எல்.இ.டி. விளக்கின் கீழ் நீர்த்தாவரங்கள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஆகிய நான்கையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கக்கூடிய எல்.இ.டி. விளக்கு ஒன்றைச் செடிகள் நிறைந்த மீன்தொட்டியின் மேல் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒளியின் நிறம் நீர்த்தாவரங்களின் ஒளிச்சேர்க்கையைப் பாதிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் விளம்பரங்கள் கூறும் அளவுக்கு அது தனித்து நின்று எதையும் சாதிப்பதில்லை.

செந்நீல நிறத்தில் ஒளிரும் ‘செடி விளக்கு’களுக்கு ஆதாரமான கருத்து பழமையானது. 1882இல் ஜெர்மன் அறிவியலாளர் எங்கல்மான், முப்பட்டகத்தால் பிரித்த ஒளியை இழைப்பாசியின் மீது விழச் செய்து, ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பும் நீலமும் படும் இடங்களில் திரள்வதைக் காட்டினார். பச்சையம் அவ்விரு நிறங்களையே மிகுதியாக உறிஞ்சுகிறது. அதற்காகப் பச்சை ஒளி வீண் என்று சொல்லிவிட முடியாது. 1972இல் மெக்கிரீ என்ற ஆய்வாளர் பல பயிர்களின் இலைகளில் அளந்தபோது, பச்சை ஒளியிலும் கணிசமான ஒளிச்சேர்க்கை நிகழ்வது தெரிந்தது. நீருக்குள் வளரும் இலைகள் மெல்லியவை என்பதால் ஒரே இலையில் இந்தப் பயன் குறையக்கூடும். எனினும் மேல் இலைகள் விட்டுவிடும் பச்சைக் கதிர்கள் அடர்ந்த புதரின் கீழ் இலைகளை எட்டுகின்றன.

சிவப்பையும் நீலத்தையும் மட்டும் எரியவிட்டபோது ரொட்டாலா என்ற தண்டுச்செடி, ஒளிச்சேர்க்கையில் உருவாகும் ஆக்சிஜனைத் தாராளமாகக் குமிழிகளாக விட்டது. ஆனால் இலைகள் கருமையாகத் தெரிந்ததால், இரும்புச்சத்துக் குறைவால் வரும் வெளிறலையோ இலைமேல் படியும் பாசியையோ உரிய நேரத்தில் கண்டறிய இயலவில்லை. இதைப் பெரிய குறையாகவே கருதுகிறேன். நீலத்தைக் குறைத்தால் தண்டின் கணுவிடைகள் நீண்டன, கூட்டினால் செடி குறுகி அடர்ந்தது. சிவப்பு ஒளியில் சிவந்த இலைகள் மேலும் சிவந்து தோன்றும். உண்மையில் நிறமி கூடியிருக்கிறதா என்பதை வெள்ளை ஒளியில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நீரும் ஒரு வடிகட்டிதான். 680 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அரை மீட்டர் தெளிந்த நீரே உறிஞ்சிவிடுகிறது. நீலம் பெரும்பாலும் குறையாமல் அடியை அடைகிறது. தொட்டியில் வைத்த மரக்கட்டையிலிருந்து டானின் என்ற சாயப்பொருள் கசிந்து நீர் பழுப்பாகும்போது நிலைமை தலைகீழாகி, முதலில் நீலமே இழக்கப்படுகிறது. ஆகவே ஒருவர் பரிந்துரைக்கும் நிற அமைப்பு இன்னொருவரின் தொட்டிக்கு அப்படியே பொருந்தாது.

விளக்கின் பெட்டியில் அச்சிட்டுள்ள லூமன் என்ற ஒளி அளவு, மனிதக் கண்ணின் உணர்திறனை ஒட்டியது. செடிக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களின் எண்ணிக்கை. அதுவும் போதுமாக இருந்து, கார்பன் டை ஆக்சைடு பற்றாமல் போனால், எந்த நிறத்தைக் கூட்டினாலும் குமிழிகள் பெருகவில்லை. அவ்வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது என்பதால் இதில் வியப்பில்லை.

இப்போது வெள்ளையை அடிப்படையாக வைத்து, சிவப்பைச் சற்று உயர்த்தி, நீலத்தை மிதமாக எரியவிடுகிறேன். அனுபியாஸ், கிரிப்டோகோரைன் போன்று குறைந்த ஒளியில் வளர்பவற்றை மட்டும் வைத்திருப்போருக்கு நல்ல வெள்ளை விளக்கே போதும். ஆழமான தொட்டியில் தண்டுச்செடிகளை வளர்ப்போருக்கு இந்த நான்கு நிறக் கட்டுப்பாடு கொடுத்த பணத்துக்குப் பயனளிக்கும்.