கிளுவைப் போத்து: கம்பி வேலிக்குப் பதிலாக வாங்கலாமா?

காங்கயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் பழைய கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வேலியைக் கவாத்து பண்ணும்போது விழுகிற கிளுவைப் போத்துகளை, அதாவது நட்டால் வேர்பிடித்து உயிர்வேலியாகும் குச்சிகளை, கேட்டால் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். போத்தின் விலை சொற்பம்தான். வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும்தான் கையைக் கடிக்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர், மூன்று வருடம் பொறுப்பேன் என்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அரை ஏக்கரில் காய்கறி போடுகிறவருக்கு இது வேண்டாம்.

வாங்கும்போது ஏமாறுகிற இடம் பெயரில்தான் இருக்கிறது. கிளுவை என்ற பெயரில் இரண்டு மரங்கள் உண்டு. வேலிக்கு உரியது முள்கிளுவை, அதாவது கம்மிஃபோரா பெர்ரியை. ஒரு காம்பில் மூன்று சிற்றிலை இருக்கும், குச்சியின் நுனியே முள்ளாக முடியும். இன்னொன்று பச்சைக்கிளுவை, கம்மிஃபோரா காடேட்டா. பட்டை பச்சையாகக் காகிதம்போல உரியும், முள் கிடையாது, வளர்ந்தால் பெரிய மரமாகும். இதுவும் போத்து வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்பதால் தெரியாமல் கலந்து வந்துவிடுகிறது. கோடையில் இரண்டுமே மொட்டையாக நிற்பதால் இலையைப் பார்த்துப் பிரிக்க முடியாது. முள்ளைப் பாருங்கள். பிறகு பட்டையை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்து வாசனையுள்ள பிசின் கசிந்தால் போத்துக்கு உயிர் இருக்கிறது. வெள்ளைப்போளம் தருகிற மரமும் இதே கம்மிஃபோரா இனம்தான், வாசனைக்குக் காரணம் அதுவே. பழுப்பாக உலர்ந்து கிடந்தால் கட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

எத்தனை வேண்டும்? சதுரமான 1 ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. அரை அடிக்கு ஒரு போத்து என்றால் 1,670. பட்டுப்போவதையும் சந்து அடைப்பதையும் சேர்த்து 2,000 வாங்கிவிடுவது நல்லது. நிலம் 4 ஏக்கரானால் சுற்றளவு நான்கு மடங்காவதில்லை, இரண்டு மடங்குதான். பெரிய நிலத்துக்கு இந்த வேலி மலிவாக முடிவது அதனால்தான். நீளமாக ஒடுங்கிய நிலமாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

நடவுதான் முக்கால்வாசி வேலை. மரம் இலை உதிர்ந்து நிற்கும் கோடையில், கோடைமழைக்கு முன்னால் வெட்ட வேண்டும். துளிர்விட்ட பிறகு வெட்டிய போத்து, வேர் விடுவதற்குள் இலை வழியாக ஈரத்தை இழந்து வதங்கிவிடும். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாமல், 3 முதல் 4 அடி நீளத்தில், அடியைச் சாய்வாகச் சீவி, நிழலில் நாலைந்து நாள் கிடத்துங்கள். வெட்டுவாயில் பிசின் காய்ந்து மூடிக்கொள்ளும். வெட்டிய கையோடு ஈரமண்ணில் வைத்தால் அந்த வாய் வழியாக அழுகல் ஏறும். 1 அடி அகலம், 1 அடி ஆழத்தில் வாய்க்கால்போலக் குழி எடுத்து, ஒரு போத்தை இடப்பக்கம் சாய்த்தும் அடுத்ததை வலப்பக்கம் சாய்த்தும் பெருக்கல் குறிபோல வைத்து, குறுக்கிடும் இடத்தைத் தென்னை நாரால் கட்ட வேண்டும். நேராக நட்டால் நுனியில் மட்டும் துளிர்த்து மேலே ஓடும். சாய்த்து நட்டால் தண்டு நெடுகத் துளிர்க்கும், வேலியின் அடி அடையும். மண்ணைத் தள்ளிக் காலால் நன்றாக மிதியுங்கள், உள்ளே காற்று நின்றால் வேர் பிடிக்காது. கட்டவிழ்க்கும் அவசரத்தில் தலைகீழாக நடுவதும் நடக்கிறது. சீவிய முனைதான் அடி என்று ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

தண்ணீர் அளவோடு போதும். மழை ஏமாற்றினால் வாரம் ஒருமுறை நனைத்தால் சரி. செம்மண்ணும் சரளையும் இதற்குப் பிடித்த மண். கரிசலில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வைத்தால் அழுகிவிடும், அங்கே கரை எடுத்து மேட்டில் நடுங்கள்.

முதல் இரண்டு வருடம் ஆடு நெருங்கக் கூடாது. கிளுவைத் துளிர் வெள்ளாட்டுக்கு நல்ல தீனி. அது கடித்து இழுக்கும் இழுப்பில் அரைகுறையாகப் பிடித்த வேரும் அறுந்துபோகும். வெள்வேல முள்ளை வெட்டி வெளிப்பக்கம் அடைத்துவிட்டால் அதுவரை தாங்கும். 5 அடிக்கு வளர்ந்ததும் 4 அடிக்கு வெட்டிவிட வேண்டும். பார்க்க மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். விட்டுவிட்டால் தலை மட்டும் விரிந்து அடி காலியாகி, நாய் தாராளமாக நுழைந்துபோகும். அதன்பிறகு வருடம் ஒரு கவாத்து. அந்தப் போத்துகளே சந்து அடைக்கவும் ஆகும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? கல்லுக்கால் நட்ட கம்பி வேலி ஒரே வாரத்தில் முடிந்துவிடும், நட்ட அன்றே காவலும் தொடங்கிவிடும். அதில் சந்தேகமில்லை. 10 அடிக்கு ஒரு கால் என்றால் ஏக்கருக்கு 84 கால், அதற்கு மேல் கம்பி, கூலி. அத்தனையும் கொடுத்து வாங்குவது காவல் மட்டும். கம்பி துருப்பிடித்தால் மறுபடி செலவு.

கிளுவை வேலியின் கணக்கு வேறு. சுமார் 600 மி.மீ. மழையை நம்பியிருக்கும் சீமையில் கொழுக்கட்டைப்புல், வெள்வேல மரம், கிளுவை வேலி மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. புல் மாட்டுக்கு, வெள்வேலங்காய் ஆட்டுக்கு, நிழல் இரண்டுக்கும். வேலி அடைப்பாக இருப்பதால் காங்கயம் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வேறு வேலைக்குப் போகலாம், மேய்ப்பாள் கூலி மிச்சம். நிலத்தை நாலு துண்டாக்கி இடையிலும் வேலி வைத்தால், மேய்ந்த துண்டு தளிர்க்கும்வரை மாட்டை அடுத்ததில் விடலாம். ஒரே இடத்தில் மேய்ந்து புல் வேரோடு போவது நிற்கும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றுக்கும் இது நல்ல தடுப்பு. மதில் கட்டினால் காற்று அதன் மேலேறிப் பின்பக்கம் சுழன்று அடிக்கும். குச்சிகளுக்கு நடுவே கொஞ்சம் காற்றை விடுகிற வேலி வேகத்தை மட்டும் தணிக்கும். வேலியின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம்வரை அந்தத் தணிவு தெரியும். 5 அடி வேலிக்கு 50 அடி. அந்த 50 அடிக்குள் மண்ணின் ஈரம் மெதுவாகத்தான் காயும்.

இருபக்கமும் கிளுவை நின்ற இட்டேரியை, காடுகளுக்கு நடுவே போகும் அந்த வண்டிப்பாதையை, நினைத்துப் பாருங்கள். கோவை, பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை என்று சமையலுக்கும் மருந்துக்கும் பறித்ததெல்லாம் யாரும் நடாமல் அந்த வேலியில் ஏறியவைதான். வேலிப்பருத்தி இலையில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டை வைக்கும். அடிப்புதரில் கவுதாரி அடைகாக்கும், ஓணானும் தவிட்டுக்குருவியும் பூச்சி பொறுக்கும், எலியைத் தேடிக் கீரி வரும். பாம்பும் வரும், அதை மறைப்பதற்கில்லை. தார் போட இட்டேரியை அகலப்படுத்தி வேலியைப் பிடுங்கிய இடத்தில் இதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. வேலி தடித்தால் 4 அடி அகலத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளும், சின்ன நிலத்தில் அது கண்ணீர் வரவழைக்கிற இழப்பு. மயிலை எந்த வேலியும் தடுக்காது, இதுவும் தடுக்காது. யானை வரும் மலையோரத்தில் இதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மாற்று கேட்பவர்களுக்கு: தழையுரம்தான் முக்கியம் என்றால் கிளிசிரிடியா நல்லது, சீக்கிரம் வரும், ஆனால் முள் இல்லாததால் காவல் குறைவு. திருகுகள்ளியை மாடு தொடாது, ஆனால் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வேண்டாம். சீமைக்கருவேலத்தை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்: மாடு காயைத் தின்று சாணியில் விதையைக் காடு முழுக்கப் பரப்பிவிடும்.

மதிப்பெண் என்றால், 4 ஏக்கர் மேய்ச்சல் காட்டுக்கு ஐந்துக்கு நாலரை, தோட்டத்துக்கு இரண்டு. நடுவதற்கு முன் சர்வே கல்லைக் கண்டுபிடித்து, அதிலிருந்து 2 அடி உள்ளே தள்ளி நூல் பிடியுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் சம்மதித்தால் நடுக்கோட்டிலேயே ஒரே வேலியாகப் போட்டு அந்தப் பக்கத்துச் செலவைப் பாதியாக்கிக்கொள்ளலாம். கவாத்து பண்ணும் போத்து யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.