ஸ்கேனரும் இரண்டு வேலுச்சாமிகளும்

பொள்ளாச்சியில் வேலை பார்க்கும் என் நர்சிங் காலேஜ் தோழி போன வாரம் போன் செய்தாள். "எங்க ஆஸ்பத்திரியிலயும் மருந்து கொடுக்க ஸ்கேனர் வரப்போகுதாம். நீ மூணு வருஷமா வச்சிருக்கியே, எப்படிடீ இருக்கு?" கேட்ட நேரம் சரியில்லை. எங்கள் வார்டு ஸ்கேனர் பேட்டரி மாற்றப் போய், பதினோரு நாள் கழித்து அன்றைக்குத்தான் திரும்பியிருந்தது. அத்தனை நாளும் இரண்டு வார்டுக்கு ஒரே ஸ்கேனர். திட்டித் தீர்த்துவிட்டேன். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது, எழுதுகிறேன்.

நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம், பாலக்காடு ஜில்லாவில். நோயாளியின் கைப்பட்டையில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும், பிறகு மருந்தில் உள்ளதை. ஆள், மருந்து, அளவு, நேரம் எல்லாம் ஒத்துப்போனால் பச்சை, ஒரு 'டிங்'. இல்லாவிட்டால் சிவப்பு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டர் கையெழுத்தோடு மல்லுக்கட்டுவது ஒழிந்தது. ராத்திரி ஷிஃப்ட் மாறி வேலையை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரில் "எட்டு மணி டோஸ் போட்டாச்சா?" என்று வீட்டுக்குப் போன பிள்ளைக்குப் போன் போடுவதும் ஒழிந்தது. நான் எதிர்பார்க்காத ஒன்று, அந்தச் சத்தத்தை நோயாளிகள் பிடித்துக்கொண்ட விதம். ஒரு பாட்டி, சத்தத்தை நான் அணைத்து வைத்திருந்த ஒரு ராத்திரியில், மாத்திரையை வாங்கவே மாட்டேன் என்றார். "மணி அடிக்கலையே அம்மிணி, இது என்ர மாத்திரைதானா?" சரியான ஆளுக்குச் சரியான மருந்துதானா என்று பார்க்கும் இதைத்தான் நர்சிங் பாடத்தில் பக்கம் பக்கமாகப் படித்தோம்.

இந்த ஸ்கேனர் முறை ஒரு நர்ஸின் யோசனை என்பதிலும் எனக்குப் பெருமைதான். 1992-ல் அமெரிக்காவில், கான்சஸ் மாநில டோபீகாவில் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்யூ கின்னிக், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்கோடை ஸ்கேன் செய்வதைப் பார்த்துவிட்டு, மருந்துக்கும் இப்படிச் செய்தால் என்ன என்று கேட்டாராம்.

காருக்கு ஒரே நம்பர். எங்கள் ஊர் ஆளுக்கு அப்படியா?

என் மூன்று வருஷ எரிச்சல் இதுதான். தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால், கேரளாவில் பின்னால். ஆதாரில் 'பி. வேலுச்சாமி', ரிசப்ஷன் பிள்ளை பழக்கதோஷத்தில் அடிப்பது 'வேலுச்சாமி பி'. ஆங்கிலத்தில் அந்தச் 'சா'வுக்கு ஒருத்தர் சி, எச் போடுவார், இன்னொருத்தர் எஸ் மட்டும். சாஃப்ட்வேருக்கு எல்லாம் வேறு வேறு ஆள். போன் நம்பரை வைத்துத் தேடலாம்தான், ஆனால் போன தடவை மகனுடையது, இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்காரருடையது. வயதோ, கேட்டால் எல்லோருக்கும் அறுபது அல்லது அறுபத்தைந்து.

போன வருஷம் ஒரு வேலுச்சாமி, நெஞ்சில் சளி கட்டி அட்மிட் ஆனார். டாக்டர் எழுதியது அமாக்சிசிலின்-கிளாவுலனேட் ஊசி. பட்டையை ஸ்கேன் செய்தேன், மருந்தையும் செய்தேன், பச்சை, 'டிங்'. அலர்ஜிக் கட்டத்தில் 'இல்லை'. கூட இருந்த மருமகள், "போன தடவை ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சே சிஸ்டர், அது இல்லைங்களே?" என்றாள். கையை எடுத்துவிட்டேன். அரை மணி நேரம் தேடியதில் ஏழு மாதத்துக்கு முந்தைய இன்னொரு வேலுச்சாமி கிடைத்தார். அதே ஆள், இனிஷியல் பின்னால். பென்சிலின் அலர்ஜி என்று சிவப்பிலேயே போட்டிருந்தது. அமாக்சிசிலினும் அந்தக் குடும்பம்தான்.

மெஷின் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த வேலுச்சாமிக்கு அலர்ஜி கிடையாது. இதைச் சொன்னால் கம்பெனிக்காரர்கள், ஆளின் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் 'ஆபா' நம்பர் கேளுங்கள் என்கிறார்கள். 2021 செப்டம்பரில் நாடு முழுக்க வந்த பதினான்கு இலக்க நம்பர், இருந்தால் உபயோகம்தான். எங்கள் கவுண்டரில் கேட்டால் ரேஷன் கார்டை நீட்டுகிறார்கள்.

ஆம்பூல், அதாவது ஊசி மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி, அந்த விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளில் க்யூஆர் கோடு கட்டாயம். லேபிளில் இடமில்லாவிட்டால் வெளி அட்டையில் போட்டால் போதும். அட்டை பார்மசியில் இருக்கும், விரல் நீள ஆம்பூல் என் கையில் இருக்கும். அதற்கு நாங்களே ஸ்டிக்கர் அடிக்கிறோம். ஸ்டிக்கர் மாறினால் அதற்கும் பச்சைதான் எரியும்.

சரி, தோழிக்குப் பதில். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருவேன். ஆனாலும் திரும்பவும் காகித சார்ட் என்றால் வேலையை விட்டுவிடுவேன். ஸ்கேனர் வரட்டும், ஆனால் வருவதற்கு முன்னால் ரிசப்ஷனில் உட்கார்ந்து, பெயரை எப்படி அடிப்பது என்று சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வா.

நேற்று ராத்திரி டூட்டியில் ஒரு எம். பழனிச்சாமி வந்தார். தேடினேன். 'பழனிசாமி எம்' மூன்று பேர், மூவருக்கும் வயது அறுபத்தைந்து. வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்த மகனைப் போய் எழுப்பினேன்.