நீள்வாசிப்பு டி.என்.ஏ. சேவை: சதுப்பு மண்ணுக்கு உகந்ததா?

மீத்தேனை உண்டு வாழும் மெத்தனோபெரெடென்ஸ் என்னும் ஆர்க்கியாக்களுக்குள் (பாக்டீரியாவைப் போன்ற, ஆனால் வேறு வகையான ஒற்றைச்செல் நுண்ணுயிர்கள்), குரோமோசோமுக்கு வெளியே தனித்திருக்கும் 'போர்க்' டி.என்.ஏ.வைத் தேடுவதற்காக, ஒரு தனியார் ஆய்வகத்தின் நீள்வாசிப்பு வரிசைப்படுத்தல் சேவையைப் (டி.என்.ஏ.வை நீண்ட துண்டுகளாகப் படிக்கும் முறை) பயன்படுத்தினேன். கலிபோர்னியாவின் ஈரநில மண்ணை ஆராய்ந்த நுண்ணுயிர் ஆய்வாளர் ஜில் பான்ஃபீல்டின் குழு 2022இல் நேச்சர் இதழில் விவரித்த இந்த இழைகள், வட்டமாக அல்லாமல் நேர்கோட்டு வடிவில் ஏறத்தாழ 10 லட்சம் காரங்கள் (டி.என்.ஏ.வின் 'எழுத்துகள்') வரை நீள்பவை. இரு முனைகளிலும் ஒன்றுக்கொன்று தலைகீழான தொடர்களும், இடையிடையே அடுத்தடுத்து மீளும் சிறு தொடர்களும் கொண்டவை. மீத்தேன் ஆக்சிகரணத்தில் பங்குபெறும் பல-ஹீம் சைட்டோகுரோம் என்னும் எலக்ட்ரான் கடத்தும் புரதங்களின் மரபணுக்களையும் இவை சுமக்கின்றன. ஸ்டார் டிரெக் அறிவியல் புனைவுத் தொடரில் கண்டதையெல்லாம் தன்வயமாக்கும் 'போர்க்' கூட்டத்தின் பெயரை வைத்தது பொருத்தமே.

150 காரக் குறுவாசிப்புகள் மீளும் பகுதிகளில் தடுமாறிவிடும் என்பதால் கூடுதல் பணம் கொடுத்தேன்; அந்தப் பகுதிகளை முழுதாகக் கடந்து செல்லும் வாசிப்புகள் கிடைத்தன, தரவுக் கோப்புகளும் ஒழுங்காக இருந்தன. ஆனால், வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தும், மண்ணைச் சிறு மணிகளோடு குலுக்கி உடைக்கும் வழக்கமான முறையையே முதல் மாதிரிக்குக் கையாண்டதால், டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிட்டது, தங்கள் செலவிலேயே மீண்டும் செய்து தந்தார்கள் என்றாலும் மூன்று வாரம் வீணானது. போர்க் அகப்படவில்லை; அது சேவையின் பிழையன்று, ஆழத்து மண்ணை விட்டு நான் மேல்மண்ணை அனுப்பியதன் பிழையாகவே இருக்கலாம். அடுத்த முறையும் இவர்களிடமே கொடுப்பேன், ஆனால் டி.என்.ஏ.வை நானே பிரித்தெடுத்து அனுப்புவேன்.