தங்க நானோ துகளைக் கொத்தாக்க எது நல்லது: உப்பா, டிஎன்ஏவா, புரதமா?

ரோடமின்-பி சாயம் கலந்ததற்காக 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. அதன் பிறகு மதுரைக் கல்லூரி மாணவர்கள் பலர், தங்க நானோ துகளை வைத்து அந்தச் சாயத்தைப் பிடிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும், ஆனால் தனித் துகளால் பெரிதாக ஒன்றும் ஆகாது; இரண்டு மூன்று துகள் நெருங்கி நிற்கும்போது நடுவில் இருக்கும் நானோமீட்டர் இடுக்கில்தான் ஒளியின் மின்புலம் குவியும், அங்கே சிக்கிய மூலக்கூறின் ராமன் சிக்னலும் (லேசர் பட்டதும் மூலக்கூறு சிதறடிக்கும், அது எது என்று அடையாளம் காட்டும் ஒளி) எகிறும்.

உப்பு போட்டுச் சேர்ப்பது ரொம்பச் சுலபம். சிட்ரேட் என்ற எலுமிச்சை அமில உப்பை வைத்துச் செய்த துகள்கள் எதிர்மின் சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், உப்பு அந்தத் தள்ளலை அடக்கிவிடும், மாதுளைச் சாறு மாதிரி சிவப்பாக இருந்த கரைசல் கண்ணெதிரே ஊதாவாகி நீலமாகும். இடுக்கு மிகச் சிறியது, அதனால் சிக்னலும் பலமாக இருக்கும். ஆனால் ஒட்டுவது நிற்காது. கொஞ்சம் தாமதித்து அளந்தால் வேறு எண் வரும், அப்புறம் எல்லாம் அடியில் படிந்துவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து நம்ம பக்கத்து உப்பு போர் தண்ணீர். சாயமே இல்லாவிட்டாலும் அது பட்டு நிறம் மாறலாம், அதை நம்பி ஒரு வியாபாரியைக் குற்றம் சொல்வது அநியாயம்.

ஒன்றோடொன்று பொருந்தும் டிஎன்ஏ இழைகளைத் துகள்களில் ஒட்டிச் சேர்க்கும் வழி 1996-லேயே வந்துவிட்டது, துல்லியமும் அதிகம். ஆனால் கந்தகம் சேர்த்த இழைகளை ஆர்டர் கொடுத்து வாங்க வேண்டும், சிறிய ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகாது.

என் ஓட்டு புரதத்துக்கு. ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தில் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடிக்க நான்கு இடங்கள் உண்டு, பயோட்டின் பூசிய துகள்களை அது கோத்துவிடும். எவ்வளவு சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம்: அளவு மிஞ்சினால் ஒவ்வொரு துகளும் புரதத்தால் மூடிக்கொண்டு தனியாகவே நின்றுவிடும். சரியான கட்டத்தில் நிறுத்தி ஆல்புமின் என்ற இன்னொரு புரதத்தைப் பூசிவிட்டால், அந்தக் கொத்து உப்புத் தண்ணீரையும் பெருமளவு தாங்கும், நாளைக்கு அளந்தாலும் இன்றைய எண்ணுக்குப் பக்கத்தில் வரும்.

குறையும் உண்டு. ஸ்ட்ரெப்டாவிடினே சுமார் 5 நானோமீட்டர் என்பதால் இடுக்கு அகலும், சிக்னல் குறையும், தங்கத்தின் மேற்பரப்பையும் புரதம் அடைத்துக்கொள்ளும். ராமன் வரைபடத்தில் 1003 செ.மீ⁻¹ பக்கம் எழும் ஃபினைல்அலனின் (ஓர் அமினோ அமிலம்) உச்சி புரதத்துடையது, சாயம் என்று நினைத்துவிடாதீர்கள். கந்தகம் உள்ள தைரம் பூஞ்சைக்கொல்லி தங்கத்தில் தானாக ஒட்டும். ரோடமினுக்கு அந்த வசதி இல்லை, அதற்குப் பூச்சை மெலிதாக்கிப் பார்க்க வேண்டும்.

சித்திரை வெயிலில் குப்பியை வெளியே விடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆனால் ஃபிரீஸரில் வேண்டாம், உறைந்தால் துகள்கள் ஒட்டிவிடும். எந்தத் தண்ணீரில் மாதிரியைக் கரைக்கிறீர்களோ அதே தண்ணீரை மட்டும் வைத்து முதலில் ஒரு முறை அளந்துவிடுங்கள்.