டைதயோபென்சோயேட் ராஃப்ட் ஏஜென்ட், ஒரு கிராம் பாட்டில்: வாங்கலாமா?

மெத்தில் மெத்தாக்ரிலேட்டை (அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள்) ஏறக்குறைய ஒரே நீளப் பாலிமர்ச் சங்கிலிகளாக வளர்க்க வேண்டியிருந்ததால் இதை வாங்கினேன். ரோஸ் நிறப் பொடி, மூடியைத் திறந்ததுமே கந்தக வாடை. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனம் 1998-இல் வெளியிட்ட, சங்கிலி நீளத்தைக் கட்டுப்படுத்தி வளர்க்கும் ராஃப்ட் முறைக்கானது, செம்பு வினையூக்கி போடும் ஏடிஆர்பி முறை மாதிரி கடைசியில் செம்பை நீக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அதுவே பெரிய நிம்மதி. வினையைத் தொடங்கிவைக்க ஏஐபிஎன் கொஞ்சம், 70 டிகிரி, அதற்கு முன் உறையவைத்து, வெற்றிடம் இழுத்து, உருக்கி என மூன்று சுற்றில் ஆக்சிஜனை விரட்டினேன் (இதில் மட்டும் சோம்பல் கூடாது). சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜிபிசியில் ஒடுங்கிய ஒற்றை முகடு, டிஸ்பர்சிட்டி (நீள வேறுபாட்டின் அளவு, 1 என்றால் எல்லாம் ஒரே நீளம்) 1.15! பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

குறை? பாலிமரும் ரோஸாகவே இருக்கும், நிறம் வேண்டாமென்றால் சங்கிலி முனையில் ஒட்டியிருக்கும் இந்த ஏஜென்ட்டின் குழுவை நீக்க வேண்டும். அப்புறம், வினைல் அசிடேட்டுக்கு இதை வாங்காதீர்கள், வினை நகரவே நகராது. அதற்கு சாந்தேட் வகை ராஃப்ட் ஏஜென்ட்தான் சரி.