செட்டியார் பொம்மைக்கு ஒரு லைட் பாக்ஸ்

கொலுவில் வைக்கும் சிறிய மண் பொம்மைகளுக்கு ஓய்வு நேரத்தில் மறுவண்ணம் தீட்டிவரும் எனக்கு, தீட்டுவதைவிட அவற்றைப் படமெடுப்பதே பெரும்பாடாக இருந்தது. அதற்காக 1,800 ரூபாய் கொடுத்து வாங்கிய, மடித்து வைக்கக்கூடிய 40 செ.மீ. லைட் பாக்ஸை (பொருளை உள்ளே வைத்துப் படமெடுக்கும், விளக்கு பொருத்திய பெட்டி) நவராத்திரிக்கு முன்பிருந்தே பயன்படுத்திவருகிறேன். மேல்விளிம்பில் இரண்டு வரிசை எல்இடி விளக்குகள், உட்புறம் வெள்ளி நிறத் துணி, வெள்ளையும் கறுப்புமாக இரண்டு பின்னணித் தாள்கள், யுஎஸ்பி வயர் ஆகியவை உடன் வருகின்றன.

கொடுத்த விலைக்கு இந்தப் பெட்டி உழைப்பது நிறத்தில்தான். வீட்டு டியூப்லைட்டின் கீழ் சாணிப் பச்சையாகப் பதிவான கிளிப்பச்சைப் புடவை, இதற்குள் நான் குழைத்த நிறத்திலேயே விழுகிறது. அட்டையில் அச்சிட்டுள்ள 5600 கெல்வின் என்னும் ஒளிநிற அளவை அப்படியே கேமராவில் வைத்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டால், பிறகு நிறம் திருத்தும் வேலையே இல்லை.

குறை, வெளிச்சம் வரும் திசையில் இருக்கிறது. விளக்குகள் உச்சியில் மட்டுமே இருப்பதால், 7 செ.மீ. உயரமுள்ள செட்டியாரின் தலைப்பாகை முகத்தில் நிழலை விழச்செய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லிய தூரிகையால் நான் இழுத்த புருவத்தை மறைத்துவிடுகிறது. வார்னிஷ் பூசிய தொந்தியிலோ எல்இடிகள் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் என்னும்படி வெள்ளைப் புள்ளிகள் வரிசைகட்டி நிற்கின்றன. விளக்குகளுக்குக் கீழே டிரேசிங் பேப்பரை ஒட்டியதும் புள்ளிகள் கரைந்து ஒரே பளபளப்பாயின. முகத்துக்கு, படத்தில் விழாதபடி பொம்மையின் முன்னால் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தேன். சில ரூபாயில் முடிந்த இதைத் தயாரிப்பாளரே செய்திருக்கலாம்.

உடன்வரும் வெள்ளைத் தாளை நான் ஒதுக்கிவிட்டேன். மடித்து அனுப்பியதன் தடம் பொம்மையின் தலைக்குப் பின்னால் கோடாக ஓடுகிறது என்பது மட்டுமல்ல, செட்டியாரின் வெள்ளை வேட்டி எங்கே முடிகிறது என்பதும் தெரியவில்லை. சாம்பல் நிறச் சார்ட் தாளை வளைத்து வைத்தபின் வேட்டியின் மடிப்புகள்கூடத் துலங்கின.

ஃபோனில் எடுப்பவர்கள் நெருங்கிப் போக வேண்டாம். மூக்கும் தொந்தியும் ஊதிப்போகும். சற்றுத் தள்ளி நின்று, பொம்மையின் கண்மட்டத்திலிருந்து 2எக்ஸ் லென்ஸில் எடுப்பது நல்லது. மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் உள்ளவர்கள் லென்ஸின் துவாரத்தை எஃப்/11, ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100 என்று வைத்து, டிரைபாடில் நிறுத்தி, இரண்டு விநாடி டைமரில் எடுத்தால், முன்னே குவித்திருக்கும் பருப்பிலிருந்து பின்னே உட்கார்ந்திருக்கும் செட்டியாரின் மூக்கு வரை தெளிவாக விழும். துவாரத்தைச் சுருக்கி எஃப்/22 வரை போனால் படம் முழுவதுமே மழுங்குகிறது.

ஒற்றைப் பொம்மைக்கும் செட்டியார் கடை போன்ற சிறு செட்டுக்கும் இதைத் தயங்காமல் வாங்கலாம். கல்யாண செட் வைத்திருப்பவர்கள் 60 செ.மீ. பெட்டியைப் பார்ப்பது நல்லது. இதற்குள் மணமக்களையும் புரோகிதரையும் தவில்காரரையும் எப்படி நெருக்கி வைத்தாலும், நாதஸ்வரக்காரர் பெட்டிக்கு வெளியேதான் நிற்கிறார்.